கச்சான் காற்றும் அறுநூறு செங்கல்லும்

போன கச்சான் காலத்தில், மேற்கிலிருந்து உலர்ந்த சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் ஒரு நாள், நாங்கள் கல்முனைக்கு அனுப்பிய நாலு மூடை வெண்டிக்காயில் ஒன்று திரும்பி வந்தது. சந்தையில் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அப்படியே வாய் கட்டி, வந்த பட்டா லொறியிலேயே ஏற்றி விட்டிருந்தார்கள். வாசலில் வைத்துப் பிரித்தேன். நடுவில் கையை விட்டால் அவிந்த சோற்றுக்குள் விட்டதுபோல வெக்கை. காயின் விளிம்பெல்லாம் கறுத்து, காம்பு வழுவழுத்துக் கிடந்தது. மாட்டுக்குப் போட்டோம். மாடும் பாதியைத்தான் தின்றது.

மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள களுதாவளை மனைவியின் ஊர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் கலியாணம் முடித்து இங்கே வந்தவன். மாமாவின் தோட்டம் ஒன்றரை ஏக்கர். மணல் தரை, கிணற்றுத் தண்ணீர். எம்.ஐ. 5 இன வெண்டி, திருநெல்வேலி ஊதாக் கத்தரி, பயிற்றை, பாவல், ஓரத்தில் கொஞ்சம் கொச்சிக்காய். அதற்கு முன் ஆறு வருடம் கத்தாரில் ஒரு பெரிய கடையின் மரக்கறிக் குளிர் அறையில் வேலை செய்தேன். அங்கே விமானத்தில் வந்து இறங்கிய வெண்டிக்காய் நாலாம் நாளும் 'டக்' என்று முறிந்தது. இங்கே அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள சந்தைக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கிய வேலைதான் இது.

இலங்கையில் அறுவடைக்குப் பிறகு மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்று விவசாயக் கூட்டங்களில் பல வருடமாகச் சொல்கிறார்கள். பெரிய கணக்கு என்றால் கூட்டிச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மூடை திரும்பி வந்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

முதலில் மச்சானின் யோசனை. அவருடைய கடையில் பழைய சோடாப் பெட்டி ஒன்று, கண்ணாடிக் கதவு போட்ட குளிர்சாதனப் பெட்டி, சும்மா கிடந்தது. "இதுக்குள்ள வையுங்க மச்சான், ஒரு கிழமைக்கு அசையாது" என்றார். வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கலியாண வீட்டுச் சொந்தம், மறுத்துச் சொல்லவில்லை. நாலு பாகை (செல்சியஸ்) குளிரில் நாலு நாள். வெளியே எடுத்தபோது கத்தரி பளபளப்பாகத்தான் இருந்தது. அரை நாள் கழிய, தோலில் விரலால் அமுக்கியதுபோலக் குழி குழியாக விழுந்தது. வெட்டிப் பார்த்தால் விதை கறுத்திருந்தது. வெண்டியிலும் அதே குழிகள். சூட்டு நாட்டுச் செடிகளின் காய்க்குக் குளிர் என்பதும் ஒரு காயம்தான். கத்தரிக்கு 10 முதல் 12 பாகை, வெண்டிக்கு 7 முதல் 10, பச்சைத் தக்காளிக்கு 13 அளவில் இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால் உள்ளே உடைந்துவிடும், வெளியே எடுத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். சோடாப் பெட்டி சோடாவுக்குத் திரும்பியது.

பத்துப் பாகைக் குளிர் அறை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மின்சாரக் கட்டணத்தை நினைத்தாலே வியர்க்கும். பிறகு என்ன வழி என்று யோசித்துக்கொண்டு குசினியில் தண்ணீர் குடிக்கும்போதுதான் மாமியின் மண்குடம் கண்ணில் பட்டது. கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் குடத்துத் தண்ணீர் பல்லுக் கூசும் அளவுக்குக் குளிரும். மாரியில் அதே குடம், அதே கிணற்றுத் தண்ணீர், ஆனால் குளிராது. மாமிக்கு இது சாதாரணச் செய்தி. "மாரியில குடம் வேர்க்காது மனே" என்றார். அவ்வளவுதான் விசயம். சுவரில் ஊறிய தண்ணீர் காற்றில் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருந்தால் எடுக்கும். ஏற்கெனவே நனைந்த காற்று என்றால் எடுக்காது. தென்மேற்குப் பருவக் காற்று மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு எங்கள் பக்கம் இறங்குவதுதான் கச்சான். எங்கள் காயை வாட்டுகிற அதே காற்றைப் பிடித்து வேலை வாங்கலாம்.

இதைச் செங்கல்லில் பெரிதாகக் கட்டும் முறை ஒன்று உண்டு. புது டில்லியில் பூசா வளாகத்தில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. செங்கல்லில் இரட்டைச் சுவர்; இரண்டுக்கும் நடுவில் மூன்று அங்குல இடைவெளி; அதற்குள் ஈர மணல்; மேலே ஈர மூடி. மின்சாரம் கிடையாது. நான் உள்ளளவு நாலடிக்கு மூன்றடி, உயரம் இரண்டேகால் அடி என்று எடுத்தேன். பிளாஸ்டிக் கூடை கீழே நாலு, மேலே நாலு கொள்ளும்.

கட்டத் தொடங்கினோம், பிழையோடுதான். வளவில் மிஞ்சிய சிமெந்துக் கல் கிடந்ததால் வெளிச் சுவரை அதிலேயே எழுப்பினோம். மணலுக்கு, கடற்கரைப் பக்கம் ஒரு நண்பரின் காணியில் கிடந்ததை அள்ளி வந்தோம். இடம், குசினிக்குப் பின்னால் மாமர நிழல். மாமா ஒரு பக்கமாகக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "என்ன மருமகன், குஞ்சு பொரிக்கக் கூடா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று நாள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வெளியே 34 பாகை, உள்ளே 32. ஆறு வாளித் தண்ணீருக்கு இரண்டு பாகை!

பிழை மூன்று. ஒன்று, சிமெந்துக் கல் வேர்க்கவில்லை. நல்ல செங்கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் 'சொர்' என்று குமிழி விடும். ஊறிய பின் நிறுத்தால் கைக்கே எடை கூடுவது தெரியும். நாங்கள் போட்ட கல்லில் குமிழியும் இல்லை, எடையும் இல்லை. இரண்டு, கடற்கரை மணலில் உப்பு. மூன்றாம் நாளே உள்சுவரில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அது செங்கல்லின் துளையை அடைக்கும். மூன்று, இடம். மாமரமும் குசினிச் சுவரும் கிடுகு வேலியும் சேர்ந்து காற்றை முழுக்க மறித்துவிட்டன. வெயிலுக்கு ஒளித்து வைப்பதிலேயே புத்தி போனது, காற்றை மறந்துவிட்டேன்.

உடைத்தோம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை எடுத்துக்கொண்டு புது இடத்துக்கு வந்தார்.

இரண்டாம் முறை தோட்டத்தின் மேற்கு எல்லையில், ஆற்றுப் பக்கம் பார்த்த வெளியில் கட்டினோம். (எங்களுக்கு வாவியும் 'ஆறு'தான்.) இடித்த பழைய குசினி ஒன்றின் செங்கல் அறுநூறு கிடைத்தது, ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டவே இரண்டு நாள். ஆற்று மணலை இரண்டு தரம் அலசிப் போட்டோம். கல்லை இறுக்கமாகச் சீமெந்து வைத்துக் கட்டாமல், களிமண்ணும் மணலும் குழைத்து மெல்லிசாக ஒட்டினோம். மேலே கிடுகுக் கொட்டில். கிழக்கும் தெற்கும் மறைப்பு, மேற்கு முழுக்கத் திறப்பு. தண்ணீருக்கு, உயரத்தில் ஒரு பீப்பா வைத்து, சேலைன் குழாயை மணல் மேலே சுற்றி ஓட்டி, ஊசியால் துளை போட்டேன். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து லீற்றர் போதும். மூடிக்கு மாமி பழைய பன்பாய் இரண்டைத் தந்தார். பன் புல் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கிறது, சாக்கை விட நல்லது. எலிக்குக் கம்பிவலை, அது இல்லாமல் முதல் இரவிலேயே இரண்டு கிலோ பயிற்றங்காய் போனது தனிக்கதை.

கச்சான் உரத்து வீசிய ஒரு பகல் பதினொரு மணிக்கு வெளியே 35 பாகை, ஈரப்பதம் 46 சதவீதம், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் 26. உள்ளே 28. ஈரத்துணி காட்டுவதை விடக் கீழே எந்தச் செங்கல் பெட்டியும் இறங்காது; அந்த எல்லைக்கு இரண்டு பாகை பக்கத்தில் போனது எனக்குப் பெரிய சந்தோசம். பின்னேரம் மூன்று மணிக்குக் கடல் காற்று உள்ளே வந்தது. வெளியே 31 ஆகக் குறைந்தது, ஈரப்பதம் 74க்கு ஏறியது. உள்ளே அதே 28. வெளியே சுகமாக இருக்கும்போது பெட்டி சும்மா நிற்கும், வெளியே எரியும்போதுதான் வேலை செய்யும். உள்ளே ஈரப்பதம் 90க்குக் குறையவில்லை. சூட்டைக் குறைப்பதை விட இதுதான் பெரிய உதவி. காய் வாடுவது தண்ணீர் இழப்பால். எடையில் பத்தில் ஒரு பங்கு போவதற்கு முன்பே வாங்குபவர் கண்ணில் பட்டுவிடும்.

ஈரப்பதம் ஒரு பக்கம் என்றால் பூஞ்சணம் மறுபக்கம். முதல் கிழமை ஆசையில் உள்ளேயும் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் கத்தரிக் காம்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. அப்புறம், சுவரும் மூடியும் மட்டும்தான் நனையலாம், காய் நனையக்கூடாது என்று வைத்தோம். கூடையைத் தரையில் வைக்காமல் மரச் சட்டத்தின் மேல் வைத்தோம். கூடையைக் கழுவ, பத்து லீற்றர் தண்ணீருக்கு வாசனை போடாத வெளுப்புத் திரவம் 40 மில்லிலீற்றர் விட்டு, கழுவியபின் வெயிலில் காய வைப்போம். வெண்டியைக் கழுவுவதே இல்லை. தக்காளி போட்ட நாளில் ஒரு விசயம் கவனித்தேன். வெயிலில் சூடான தக்காளியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் காம்புக் குழி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும், தண்ணீரோடு அழுகலையும். முதலில் நிழலில் ஆற விட வேண்டும்.

இன்னொரு கூத்து, கதலிக் குலை. பழுக்கத் தொடங்கிய ஒரு குலையை, இடம் இருக்கிறதே என்று மனைவி பெட்டிக்குள் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் பாவற்காய் பாதி மஞ்சள், கத்தரிக்காய்க் காம்புத் தொப்பி கழன்று வருகிறது. பழுக்கும் வாழைப்பழம் எதிலீன் என்ற வாயுவை விடும். மூடிய இடத்தில் அது பக்கத்துக் காய்க்கெல்லாம் 'பழு, பழு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கத்தாரில் இதற்காகவே வாழைப்பழத்துக்குத் தனி அறை. தெரிந்த எனக்கே வீட்டில் சொல்லத் தோன்றவில்லை. பழி என் மேல்தான்.

இதெல்லாம் முடிந்து பெட்டி நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, அது எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று காட்டி மாமாவை வாயடைக்க வைக்க நினைத்துத் தராசை எடுத்தேன். வாயடைத்தது எனக்குத்தான்.

ஒரே நாள் வெண்டி, மூன்று பங்கு, ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. முதல் பங்கு பழைய முறை. காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு போய் ஒன்பது மணி தொடக்கம் பறித்து, கிணற்றடியில் குவித்து, இரண்டு மணிக்கு உரப்பையில் கட்டி, நாலு மணிக்குத் தெருவில் வைப்பது. இரண்டாம் பங்கு, விடிய ஆறு மணிக்குப் பனி காய்ந்த கையோடு பறித்து, வரம்பிலேயே நட்ட சின்னக் கிடுகு நிழலுக்குக் கொண்டுபோய், கூடையில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கு. பெட்டி கிடையாது. மூன்றாவது, இரண்டாவதைப் போலவே பறித்து, பெட்டிக்குள் வைத்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நிறுத்தேன்.

முதலாவது 4 கிலோ 500. இரண்டாவது 4 கிலோ 780. மூன்றாவது 4 கிலோ 870.

அறுநூறு செங்கல், பீப்பா, ஒரு மாத உழைப்பு எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவுக்கு 90 கிராம் காப்பாற்றியது. நாலு தடியும் ஆறு கிடுகும் வெள்ளனை எழும்புவதும் சேர்ந்து 280 கிராம். கறுத்த காயை எண்ணினேன், நூற்றுக்கு: 37, 9, 8.

ஊசி வெப்பமானியை எடுத்துக்கொண்டு காரணம் தேடினேன். விடிய ஆறே காலுக்குப் பறித்த கத்தரிக்காயின் உள்சூடு 25. பதினொரு மணிக்கு மணலில் கிடந்த கத்தரியின் உள்சூடு 41, காற்று 34 ஆக இருக்கும்போது. கறுத்த ஊதாத் தோல் வெயிலைக் குடிக்கிறது. பறித்த காய் செத்த பொருள் அல்ல. மூச்சு விடுகிறது, விடும்போது தன் சீனியை எரித்துச் சூட்டையும் விடுகிறது. பத்துப் பாகை கூடினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். சூடான காயை உரப்பையில் இறுக்கிக் கட்டினால், சூடு மூச்சைக் கூட்டும், மூச்சு சூட்டைக் கூட்டும். திரும்பி வந்த மூடையின் நடுவில் நான் தொட்ட வெக்கை வெயிலின் வெக்கை மட்டும் அல்ல, காய்களே உண்டாக்கியது. சந்தையில் கெட்டது என்று நாங்கள் சண்டைக்குப் போன காய், பறித்த முதல் இரண்டு மணித்தியாலத்திலேயே எங்கள் கிணற்றடியில் கெட்டிருந்தது.

மாமாவிடம் கணக்கைச் சொன்னேன். "அப்ப எங்கட ஆக்கள் விடியக்காலம ஆயுறது சும்மாவா?" என்றார். தன் தகப்பன் காலத்தில் சூரியன் ஏற முன் ஆய்ந்து, வாழையிலை மூடி, மாட்டு வண்டியில் ஏற்றினார்களாம். பட்டா நாலு மணிக்கு வரத் தொடங்கிய பிறகுதான், அதுவரை என்ன செய்வது என்று பறிப்பைப் பின்னுக்குத் தள்ளினோம். இதைக் கட்டுவதற்கு முன் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கல்லயே மருமகன்."

பெட்டி வீண் என்று சொல்ல மாட்டேன். காத்திருக்க வேண்டி வரும்போதுதான் அதன் பலம் தெரிகிறது. சனிக்கிழமை ஆய்ந்ததைத் திங்கள் வரை வைக்க வேண்டிய நாளில், நிழலில் மட்டும் வைத்த வெண்டி தொங்கிவிடும். பெட்டியில் வைத்தது 'டக்' என்று முறியும். சந்தை விலை விழுந்த ஒரு நாள் கத்தரியை இறக்காமல் மூன்று நாள் வைத்து விற்க முடிந்தது. அன்றைக்கு அந்தச் செங்கல்லுக்கு உரிய காசு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். மாரியில் வாடைக் காற்று தொடங்கிய பிறகு, வெளியே 27, ஈரப்பதம் 92, உள்ளே 26; பீப்பாவைக் கழற்றி வைத்துவிட்டேன். மாமியின் குடம் வேர்க்காத நாளில் என் பெட்டியும் வேர்க்காது.

பறிப்பிலும் சிலதை மாற்றினோம். கத்தரியைத் திருகிப் பிடுங்காமல், ஓர் அங்குலக் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுகிறோம். பிடுங்கிய புண் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. வெண்டிக்கு நூல் கையுறை. நகம் பட்ட இடம் மாலைக்குள் கறுக்கிறது. பறிக்கும் வாளிக்குள் ஒரு பழைய சேலைத் துண்டு. பூச்சி குத்தியதை வரம்பிலேயே கழித்துவிட வேண்டும். கூடைக்குள் போனால் ஒன்று பத்தைக் கெடுக்கும்.

கூடை விசயம்தான் இன்னும் தீரவில்லை. உரப்பையில் ஐம்பது கிலோவைத் திணித்து, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து போகும்போது கீழே உள்ள காய் என்ன ஆகும்? கூடையில் எடையைக் கூடைதான் தாங்கும், காய் தாங்காது. விளிம்புக்கு மேல் குவிக்காமல் இருந்தால். இது அரசாங்கத்துக்கும் தெரியும். 2011 டிசம்பரில் மரக்கறி, பழங்களைப் பிளாஸ்டிக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். தம்புள்ளையில் தொடங்கிப் பெரிய எதிர்ப்பு எழுந்து, பிறகு தளர்த்திவிட்டார்கள். அப்போது வியாபாரிகளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது அவர்கள் பக்கமும் கொஞ்சம் விளங்குகிறது. வெறுங்கூடை லொறியில் இடத்தை அடைக்கும். உரப்பையை மடித்து இடுப்பில் செருகலாம். கூடையில் வந்தாலும் பையில் வந்தாலும் விலை ஒன்றுதான். 'கழிவு' என்று மூடைக்கு இரண்டு மூன்று கிலோ குறைப்பார்கள். கூடையில் கொடுத்தபோது அந்தக் கழிவை வெட்டக்கூடாது என்று ஒருவரோடு பேசிச் சம்மதிக்க வைத்தேன். எனக்குக் கிடைத்த லாபம் முழுவதும் அந்தப் பேச்சில் வந்ததுதான். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறைக்கு நேரே கொடுக்கும்போது மட்டும் தரத்துக்கென்று கூட விலை கிடைக்கிறது. அது கிழமைக்கு ஒரு தரம், இருபது கிலோ.

திரும்பி வருவது அடுத்த பிரச்சினை. பன்னிரண்டு நீலக் கூடை வாங்கினேன். அடையாளத்துக்கு மனைவி ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பூ போட்டார். ஆறு மாதத்தில் ஏழு மிச்சம். கேட்டால் "அடுத்த பயணம் வரும்" என்பார்கள். போன கிழமை களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் வாங்கப் போனேன். ஒரு மேசைக்குக் கீழே நீலக் கூடை, உள்ளே ஐசும் கீரிமீனும், மூலையில் சிவப்புப் பூ. கடைக்காரருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது; யாரோ ஐம்பது கிலோ ஐசோடு விட்டுப் போனார்களாம். வெளுப்புத் திரவம் எவ்வளவு விட்டாலும் கீரிமீன் மணம் போகாது, அதில் இனிக் கத்தரிக்காய் அடுக்க முடியாது. ஒரு கிலோ கீரி நிறுக்கச் சொன்னேன். அவர் என் கூடையிலிருந்துதான் அள்ளிப் போட்டார். மீன் நல்ல கட்டியாக இருந்தது.